தலைமாட்டில் நீலம்

பைனாவின் குழிமேட்டில் தட்டுகள் இடம் மாறியிருந்தன.

மற்றதெல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தது. ஓரம் கட்டிக் குத்திவைத்த வெள்ளைச் சிப்பிகள், அவள் கடைசியாகக் கஞ்சி குடித்த தகரக் கரண்டி, காய்ச்சல் மருந்து பாதி மிச்சமிருந்த புட்டி, பல் உடைந்த சீப்பு. ஒன்றுகூடக் குறையவில்லை. தலைமாட்டில் இருக்க வேண்டிய நீலத் தட்டு மட்டும் கால்மாட்டில் இருந்தது. கால்மாட்டு வெள்ளைத் தட்டு தலைமாட்டுக்கு வந்திருந்தது.

குனிந்த கெஸாயா நிமிரவில்லை. ஓக் மரங்களிலிருந்து சடைசடையாகத் தொங்கிய பாசி ஓர் இழைகூட அசையாமல் நின்றது. தூரத்தில் தங்கள் பலகைக் கிறிஸ்தவக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு முடிந்து ஜனங்கள் கலையும் சத்தம் கேட்டது. நாய் கிளறியிருந்தால் சிப்பிகள் சிதறியிருக்கும். திருடன் வந்திருந்தால் கரண்டி போயிருக்கும். மழைக்குக் கால் உண்டு, கை கிடையாது. இதை ஒரு கை செய்திருந்தது. எடுத்து, மாற்றி, முன்பு இருந்த அதே ஆழத்துக்கு மண்ணில் அழுத்தி வைத்திருந்தது.

"லவீனியா, இங்க வந்து பாரு."

இரண்டு வரிசை தள்ளித் தன் குழந்தையின் குழிமேட்டில் புல் பிடுங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு லவீனியா, கையைப் பாவாடையில் துடைத்தபடி வந்து பார்த்தாள்.

"இதை நாம மாத்தி வெச்சோம்ல? நீ மறந்துட்டுப் போன சால்வையை எடுக்க வந்தோமே, வியாழக்கிழமை சாயங்காலம். நீலம் தலைமாட்டுல இருந்தாத்தான் கெட்டது அண்டாதுன்னு சொல்லி என் கையாலதான் மாத்தினேன்."

"ஆமா."

"இப்ப அன்னிக்குக் காலையில, புதைச்சப்போ வெச்ச மாதிரியே திரும்பிடுச்சே." லவீனியா வெள்ளைத் தட்டின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தோழியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்க முயன்றாள். "உன் தங்கச்சி எப்பவும் வம்புக்காரிதானே. நாம வெச்சது பிடிக்காம எழுந்து அவளே மாத்திக்கிட்டா போல."

இருவரும் சிரிக்கவில்லை. கெஸாயா தட்டுகளை மறுபடி மாற்றி வைத்தாள். சிவந்த களிமண் இளகியிருந்தது. மூன்று நாள் பழைய மண்ணுக்கு அது அதிக இளக்கம். விரல் இரண்டு கணு ஆழத்துக்குத் தடையில்லாமல் இறங்கியது.

*

அவளுடைய புருஷன் ஐஷம் பெட்டிக்ரூவை மார்லோ ஊரின் கறுப்பு ஜனங்கள் எல்லாரும் ஜட்ஜையா என்றே கூப்பிட்டார்கள். பதவி போய் இரண்டு வருஷமாகியும் பெயர் போகவில்லை.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் சார்ல்ஸ்டன் சந்தையில் ஏழு டாக்டர்கள் சேர்ந்து அவனை விலைக்கு வாங்கினார்கள். ஒருத்தருக்கென்று சொந்தமில்லை, மார்லோவிலிருந்த மருத்துவக் கல்லூரிக்கே சொந்தம். கூட்டுவான், தண்ணீர் சுமப்பான், அடுப்பு மூட்டுவான். வந்த மூன்றாம் மாதம் அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது அப்போது குற்றம். ஊரின் பெரிய மனிதர்கள் ஏழு பேர் அந்தக் குற்றத்தைக் கூசாமல் செய்தார்கள். மருந்துப் புட்டிகளின் சீட்டைப் படிக்க ஆள் தேவைப்பட்டதாம். ஐஷம் அப்படித்தான் அவளிடம் சொன்னான். கெஸாயா நம்பினாள். ஊரிலேயே படிக்கத் தெரிந்த ஒரே கறுப்பன் தன் புருஷன் என்று பெருமையும் பட்டாள்.

வடக்குக்கும் தெற்குக்கும் சண்டை வந்து, வடக்குச் சிப்பாய்கள் வந்து, விடுதலை வந்தபோது அந்தப் படிப்பு ஊருக்கே உதவியது. பலகைக் கோயிலில் உட்கார்ந்து புதுச் சட்டத்தை வரிவரியாகப் படித்துச் சொன்னான். கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தான். ஒன்பது வயதில் விற்கப்பட்டுப்போன அவளுடைய தங்கை பைனாவைத் தேடி கோயில் பத்திரிகையில் மூன்று வருஷம் விடாமல் அறிவிப்பு எழுதியவன் அவன்தான். நான்காம் வருஷம் பைனா அலபாமாவிலிருந்து நடந்தே வந்து, வாசலில் நின்று, "கெஸாயாங்கிறது யாரு?" என்று கேட்டாள். அன்றைக்கு ஐஷம் அழுத அழுகையைக் கெஸாயா மறக்கவில்லை. பிறகு அவனை இந்த வட்டத்துக்கு ஜட்ஜாக்கினார்கள். கறுப்புக் கோட்டுப் போட்டு மேடையில் உட்கார்ந்தான். வெள்ளைக்காரன்மேல் கறுப்புப் பெண்கள் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்து சாட்சி சொன்னார்கள். அவன் அதை எழுதிக்கொண்டான்.

எல்லாம் எட்டு வருஷம். செஞ்சட்டை போட்ட வெள்ளைக்காரர்கள் துப்பாக்கியோடு வந்து தேர்தலை எடுத்துக்கொண்டார்கள். சிப்பாய்கள் மூட்டை கட்டினார்கள். ஐஷம் கோட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே கல்லூரிக்குத் திரும்பிப் போனான்.

"வேற வேலையே கிடைக்கலையா உனக்கு?" என்று அவள் அன்றைக்குக் கேட்டாள்.

"சட்டம் இருந்தப்போ நான் ஜட்ஜ். சட்டம் போச்சு. இப்ப மறுபடியும் அவங்க சாமான்," என்றான். அதற்குமேல் அந்தப் பேச்சு வளரவில்லை.

குழிமேட்டிலிருந்து வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தட்டு விஷயத்தைச் சொல்ல அவள் வாயெடுத்தாள். ஐஷம் அப்போதுதான் கல்லூரியில் அடுப்பு மூட்டிவிட்டு வந்து சோளரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தான். அவன் நகக்கண்ணில் சிவப்பாக ஏதோ இருந்தது. களிமண். கல்லூரி முற்றம் முழுக்க வெள்ளை மணல். அவள் பார்ப்பதைப் பார்த்து அவன் விரல்களை மடக்கிக்கொண்டான். வெறுமனே மடக்கிக்கொண்டதுதான். ஆனால் அவள் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து வீடு வேறாகத் தெரிந்தது. ஆணியில் தொங்கும் அவன் சட்டையிலிருந்து விஸ்கி வாசனை வந்தது. அவன் குடிக்கிறவன் இல்லை. விஸ்கிக்கு அடியில் சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கும் அடியில், மூக்கை வைத்தால் மட்டும் தெரிகிற, அழுகின பேரிக்காய் போன்ற ஒரு தித்திப்பு. கொட்டிலில் கோவேறுக் கழுதையின் பக்கத்தில் நான்கு சாக்குத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன, ஒவ்வொன்றிலும் குளம்பு வடிவத்தில் வட்டமாக அழுக்கு. வண்டி அச்சில் ஒரு கைப்பிடி கொழுப்பு பூசியிருந்தது. சத்தம் போடாத வண்டி. இருபது வருஷமாக அது சத்தம் போட்டு அவள் கேட்டதேயில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

*

நவம்பரில் தேர்தல் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் லவீனியாவின் புருஷன் சைலஸ் வேலியோரம் வந்து நின்றான். வடக்குப் படையில் நீலச் சட்டை போட்டுச் சண்டை போட்டவன். ஆறடிக்கு மேல் உயரம்.

"ஜட்ஜையா, நாளைக்கு ஓட்டுப் போட வர்றீங்கல்ல? நாங்க பதினோரு பேரு. நீங்க முன்னால நடந்தா நல்லா இருக்கும்."

"எனக்குக் காலேஜ்ல வேலை இருக்கு, சைலஸ்."

"நீங்க படிச்சுச் சொன்ன சட்டம்தானேய்யா. உனக்கும் ஒரு ஓட்டுன்னு."

"அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவங்க எல்லாம் ரயிலேறிப் போயிட்டாங்கப்பா. நீயும் வீட்டுல இரு."

சைலஸ் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். "அவங்க போனா போகட்டும். நாம எங்க போறது?"

மறுநாள் ஓட்டுப் பெட்டிக்கு இருபதடி தூரத்தில் செஞ்சட்டைக்காரர்கள் சைலஸைக் கோடாரிக் காம்பால் அடித்தார்கள். மூன்று நாள் கிடந்தான். வெள்ளிக்கிழமை செத்துப்போனான். ஐஷம் போய் லவீனியாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நிஜமான அழுகை. கெஸாயா பக்கத்திலிருந்து பார்த்தாள். கண்ணீர் தாடியில் வழிந்தது.

சனிக்கிழமை காலை புதைத்தார்கள். ஐஷம் வரவில்லை; புதைக்கும் நேரத்தில் எப்போதும் அவனுக்குக் கல்லூரியில் வேலை இருக்கும். குழிமேட்டை அலங்கரித்தது கெஸாயாவும் லவீனியாவும். சிப்பிகள், சைலஸின் தகரக் குவளை, புகைக்குழாய். ஒரே அளவில் இரண்டு புட்டிகள்: தலைமாட்டில் பழுப்பு, கால்மாட்டில் பச்சை.

மத்தியானம் ஐஷம் சாப்பிட வந்தான். அவள் பட்டாணிச் சோற்றை வைத்தாள். அவன் இரண்டு வாய் தின்றான். தண்ணீர் குடித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, துக்க வீட்டில் பேசுகிற அதே இதத்தோடு கேட்டான்:

"நல்லபடியா செஞ்சீங்களா? மேல என்னென்ன வெச்சீங்க?"

ஒவ்வொரு சாவுக்கும் கேட்கிற கேள்வி. புருஷன்மார்கள் யாரும் கேட்காத கேள்வி. என் புருஷனுக்கு எவ்வளவு ஈரமான மனசு என்று அவள் லவீனியாவிடமே சொல்லியிருக்கிறாள். வர முடியாவிட்டாலும் எது எங்கே இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் கேட்டு, கண்ணை மூடி, மனசுக்குள் பார்த்துக்கொள்வான் என்று. பைனாவைப் புதைத்துவிட்டு வந்த மத்தியானமும் இதே மேசையில் இதே கேள்வியைக் கேட்டான். அவள் அழுதுகொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள். தலைமாட்டில் வெள்ளைத் தட்டு, கால்மாட்டில் நீலம்.

அதன்பிறகு சாயங்காலம்தான் லவீனியா மாற்றினாள்.

மாற்றியதை ஐஷமிடம் சொல்லவில்லை.

அடுப்பில் விறகு வெடித்தது. உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்தான் வெள்ளைத் தட்டு தலைமாட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான். சிப்பியைத் தடவிப் பார்த்து வரிசை சொல்லிவிடலாம். கரண்டியைத் தடவிப் பார்க்கலாம், சீப்பைத் தடவிப் பார்க்கலாம். விளக்கில்லாத இருட்டில் எடுக்கும்போது கைக்குத் தெரியாதது நிறம் ஒன்றுதான்; வெளுக்கும் நேரத்தில் திரும்ப வைக்கும்போது, காதால் கேட்டு வைத்ததுதான் துணை.

"கெஸாயா? உன்னைத்தான் கேக்கிறேன்."

"குவளை வெச்சோம்," என்றாள். "அவனோட புகைக்குழாய். சுத்தியும் சிப்பி." நாக்கு தானாகப் புரண்டது. "ரெண்டு புட்டி. தலைமாட்டுல பச்சை. கால்மாட்டுல பழுப்பு."

அவன் கண்ணை மூடினான். உதடு லேசாக அசைந்தது.

"நல்லா செஞ்சிருக்கீங்க," என்றான்.

சாயங்காலம் அவள் லவீனியாவின் வீட்டு வாசல்வரை போனாள். கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். உள்ளே லவீனியா யாருக்கும் கேட்காதபடி அழும் சத்தம் கேட்டது. என்ன சொல்வது? உன் புருஷனைக் காவல் காத்துக்கோ என்றா? யாரிடமிருந்து என்று கேட்டால்? ஒருவேளை தான் நினைப்பது தப்பாகவே இருந்தால்? காலையில் நிச்சயமாகத் தெரிந்துவிடும். நிச்சயமாகத் தெரிந்துகொண்டு சொல்லலாம்.

தூக்கிய கையை இறக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

படுப்பதற்குமுன் ஐஷம் வழக்கம்போல அவளுக்கு வேர்க் கஷாயம் போட்டுக் கொடுத்தான். துக்க நாளில் தூக்கம் வராது, இதைக் குடி என்று எத்தனையோ வருஷமாகக் கொடுக்கிறான். அவள் அதைச் சாம்பல் வாளியில் ஊற்றிவிட்டுப் படுத்தாள். அதனால் அன்றைக்கு முதல்முறையாகத் தூக்கம் வரவில்லை.

அவன் எழுந்தபோது கட்டில் முனகவில்லை. எந்தப் பலகை சத்தம் போடும் என்று அவன் காலுக்குத் தெரிந்திருந்தது. சட்டை மாட்டும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. வெகுநேரம் ஒன்றுமில்லை. போய்விட்டான் என்று நினைத்தபோது முகத்தின்மேல் சூடு தெரிந்தது. அவன் குனிந்து நின்றுகொண்டிருந்தான். அவள் மூக்குக்குக் கீழே அவன் விரல் இருந்தது, ஒரு மயிர் தூரத்தில். மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சு விடு என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். சீராக விடு. விரல் நகரவில்லை. அவனும் நகரவில்லை. தூங்குகிறாளா என்று பார்ப்பவன் இவ்வளவு நேரம் பார்க்க மாட்டான்.

பிறகு விரல் விலகியது. கதவு திறந்த சத்தமில்லை, குளிர்காற்றுதான் சொன்னது.

அவன் திரும்பி வந்து, குழாயடியில் கை கழுவி, பனிக்கட்டி போன்ற பாதங்களோடு அவள் பக்கத்தில் படுத்தான். பத்து மூச்சு விடுவதற்குள் குழந்தை மாதிரித் தூங்கிப்போனான். போனதைவிட, அந்தத் தூக்கத்துக்குத்தான் அவள் விலகி, சுவரோரமாக ஒட்டிப் படுத்தாள்.

*

காலையில் அவன் பெட்டியைத் திறந்து பழைய கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான். அடுப்பு மூட்டப் போகிறவனுக்கு அந்தக் கோட்டு எதற்கு என்று அவள் கேட்கவில்லை. "நீ கோயிலுக்குப் போ. நான் மத்தியானம் வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு அவன் தெரு முனையில் மறைந்ததும் அவள் கோயிலுக்குப் போகாமல் குழிமேட்டுக்குப் போனாள்.

சிப்பிகள் சரி. குவளை சரி. புகைக்குழாய் சரி.

தலைமாட்டில் பச்சைப் புட்டி. அவள் சொன்னபடி.

காலையில் வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. பச்சைப் புட்டிக்குள் வெயில் புகுந்து மண்மேல் ஓர் அழகான பச்சை வட்டத்தை விழவைத்திருந்தது. கெஸாயா அதைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். அந்த மேட்டுக்கடியில் யாருமில்லை. பக்கத்தில்? அதற்குப் பக்கத்தில்? அவள் கண் ஒவ்வொரு மேடாகத் தாவியது. ஒவ்வொன்றின் அலங்காரமும் அவளுக்கு மனப்பாடம், ஏனென்றால் ஒவ்வொன்றையும் சோற்று மேசையில் உட்கார்ந்து அவள் வாயால் சொல்லியிருக்கிறாள். தண்ணீரில் விழுந்து செத்த ஜூபா. பிரசவத்தில் போன மின்டி. லவீனியாவின் குழந்தை, அதற்குமேல் வைத்த கிலுகிலுப்பை. கிலுகிலுப்பை தலைப்பக்கமா கால்பக்கமா என்றுகூட அவன் கேட்டான். அவளும் சொன்னாள்.

புட்டிச் சீட்டைப் படிப்பதற்காக அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. அறுத்துப் பாடம் படிக்க அவர்களுக்குப் பிணம் வேண்டும்; அதற்காக நகரசபை வாசலில் ஒட்டுகிற சாவுப் பட்டியலைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். தெருவில் போகும்போதெல்லாம் அவன் அதன்முன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பான். செத்தவர்களுக்கு மரியாதை என்று அவள் நினைத்தாள்.

எழுந்தாள். சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பைனா எடை குறைந்துதான் செத்தாள். இந்தச் சால்வையில் சுற்றினால் தூக்கிவிடலாம். ஒரு தடவை விற்று எடுத்துக்கொண்டு போனார்கள், கேட்க நாதியில்லை. இரண்டாம் தடவை விட முடியாது.

*

கல்லூரியின் முன்பக்கம் வெள்ளைத் தூண்கள். பின்பக்கம் செங்கல் சுவரும் ஒரு தாழ்ந்த கதவும். சாப்பாடு கொண்டுவந்தால் அவள் அந்தக் கதவுப் படியோடு நின்றுவிட வேண்டும். ஐஷம் வந்து வாங்கிக்கொள்வான். டாக்டர்கள் எல்லாரும் கோயிலில் இருந்தார்கள். தெருவுக்கு அந்தப்பக்கம் வெள்ளைக்காரர்களின் கல் கோயிலில் வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. கதவு தாழிடப்படவில்லை.

உள்ளே படிகள் கீழே இறங்கின. விஸ்கி நெடி முதலில் வந்து முகத்தில் அடித்தது. பிறகு சுண்ணாம்பு, கண்ணைக் கரித்தது. பிறகு அந்தத் தித்திப்பு, சட்டையில் இருந்ததைப் போலத் தேடி முகர வேண்டியிருக்கவில்லை, நாக்கிலேயே வந்து உட்கார்ந்தது. சால்வை முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரைத் தடவித் தடவி இறங்கினாள். சுவர் ஈரமாக இருந்தது. கடைசிப் படிக்குக் கீழே மண் தரை. கால் வைத்ததும் நத்தை ஓடு போல ஏதோ நொறுங்கியது. அடுத்த அடியிலும் நொறுங்கியது. அவள் கீழே பார்க்கவில்லை.

இரண்டு பக்கமும் ஆள் உயரப் பீப்பாய்கள். மூடியெல்லாம் ஈயத்தில் அடைத்து. சுவரின் மேல்விளிம்பில் தரைமட்டத்துக்குச் சின்னச் சின்ன ஜன்னல்கள்; வெளியே வெயிலில் புல் அசைவது தெரிந்தது. அந்த வெளிச்சம் பட்டை பட்டையாக இறங்கி, பாதி தூரத்திலேயே தேய்ந்துபோனது.

பேச்சுக் குரல் கேட்டது.

ஐஷமின் குரல். வீட்டுக் குரல் இல்லை. இரண்டு வருஷமாக அவள் கேட்காத குரல். மேடையில் உட்கார்ந்து பேசும் குரல்.

"உன் பேரு?"

பிறகு மெல்லிய பெண் குரல்: "மின்டிங்க."

"வலது கையைத் தூக்கு. உன்னை இங்க கொண்டுவந்தது யாரு?"

"ஐஷம் பெட்டிக்ரூங்க."

பேனா கிறுக்கும் சத்தம்.

கெஸாயா கடைசிப் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவன் ஒரு மேசைக்குப் பின்னால் கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்திருந்தான். எதிரே பெஞ்சுகள். பெஞ்சுகளின்மேல் நீளநீளமாக ஈரத் துணி போர்த்தியவை. சில துணிகளுக்கடியில் முழு நீளம் இல்லை.

"உன் பேரு?" என்றான். பிறகு கன்னத்தை உப்பி, குரலை உடைத்து, கிழவன் மாதிரி அவனே பதில் சொன்னான். "ஜூபாங்கய்யா."

அவனேதான். எல்லாக் குரலும் அவனே. மின்டியாகவும் ஜூபாவாகவும் பேசி, பேச்சு முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஜட்ஜானான். ஒவ்வொருத்தரிடமும் அதே கேள்வி. ஒவ்வொருத்தர் வாயிலிருந்தும் தன் பெயரையே வரவழைத்தான். எழுதினான். எழுதும்போது அழுதான். சைலஸின் குரலை அவன் எடுத்தபோது, அந்த ஆறடி ஆளின் அடித்தொண்டைக் குரல் அப்படியே வந்தது. "ஜட்ஜையா கொண்டுவந்தாருங்க."

அவள் நெஞ்சில் இருந்த கோபம் ஒரு கணம் ஆட்டம் கண்டது. பாவி என்று நினைத்தாள். பாவி, பைத்தியம் பிடித்துப்போயிருக்கிறது. இப்போது போய்க் கோட்டைப் பிடித்து உலுக்கலாம். பைனாவை வாங்கிக்கொண்டு போகலாம். அவனே தூக்கிவந்துகூடக் கொடுப்பான்.

ஒரு அடி எடுத்துவைத்தாள். தரை நொறுங்கியது. அவன் காதில் விழவில்லை. கடைசிப் பெஞ்சுக்குத் திரும்பியிருந்தான். அந்தத் துணி சின்னதாக இருந்தது. எடை குறைந்தவள்.

"உன் பேரு?"

அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். பதில் சொல்வதற்காக வாயைத் திறந்தான்.

"பைனா."

அவன் வாய் திறந்தபடியே இருந்தது.

அவன் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. பேனா விரலிலிருந்து நழுவி மேசையில் உருண்டு கீழே விழுந்தது. தெருவுக்கு அந்தப்பக்கம் பாட்டு நின்றிருந்தது.

அடுத்த கேள்வியை அவன் கேட்கவில்லை. ஆனாலும் ஈரத் துணி உள்ளே இழுத்துக்கொண்டது, மூச்சு வாங்குவது போல. பள்ளமாக ஒட்டியது. வாய் இருக்கும் இடத்தில்.

"அக்கா சொன்னா."

பைனாவின் குரல்தான். வம்புக்கார பைனாவின் குரல் இல்லை. வாசலில் நின்று கெஸாயாங்கிறது யாரு என்று கேட்ட, களைத்த, நம்பி வந்த குரல்.

"அக்காதான் சொன்னா," என்றது சைலஸின் பெஞ்ச். அடித்தொண்டையில்.

கெஸாயா இல்லை என்று சொல்ல நினைத்தாள். எனக்குத் தெரியாது என்று. பைனாவுக்கு அது உண்மை. மின்டிக்கு உண்மை. சைலஸுக்கு உண்மையில்லை; அவன் விஷயத்தில் தெரிந்தேதான் சொன்னாள். அங்கே படுத்திருந்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

துணிகள் அசைந்தன. முதலில் ஒன்று. பிறகு எல்லாம். ஒவ்வொரு பெஞ்சிலும் ஈரத்துணிக்கடியிலிருந்து ஒரு வலது கை எழுந்தது, சத்தியம் செய்கிற மாதிரி, உள்ளங்கையை விரித்து. விஸ்கியில் ஊறி வெளுத்த கைகள். தோல் இல்லாத கைகள். மணிக்கட்டுவரை மட்டும் இருந்த ஒரு கை. கடைசியில், வேறொரு துணிக்கடியிலிருந்து, பொம்மை அளவுக்கு ஒன்று.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றன.

பிறகு ஒவ்வொன்றாக விரல் மடிந்து, ஒரு விரல் மட்டும் நீண்டு, மணிக்கட்டு திரும்பி, பீப்பாயின் ஓரத்தில் அவள் நின்ற இடத்தைக் காட்டின.

ஐஷம் மெல்ல, மிக மெல்ல, தலையைத் திருப்பி அவை காட்டிய பக்கம் பார்த்தான். கோட்டைச் சரிசெய்துகொண்டான். தரையில் குனிந்து பேனாவை எடுத்தான்.

"உன் பேரு?" என்றான்.